6 வயதில் வரும் கடைவாய்ப்பல்லுக்குச் சீலண்ட்: நீலகிரிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

முன்பல் ஆடினால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விழுந்த பல்லைக் கூரை மேல் வீசுவோம், பொக்கை வாயைப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்புவோம். அதே 6, 7 வயதில் வாயின் கடைசியில், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக, நான்கு பெரிய பற்கள் முளைக்கின்றன. அவற்றுக்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. பால்பற்களுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் ஈறைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். அதனால் யாரும் கவனிப்பதில்லை. கவனிப்பவர்களும் "பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது. அந்தக் குழந்தை 60 வயதிலும் மெல்ல வேண்டிய பல் அது.

சொத்தை முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் இதைத்தான். இதன் மெல்லும் பரப்பு சமமாக இருக்காது. தேயிலைச் சரிவில் மழைத் தண்ணீர் அறுத்த ஓடைபோல் குறுகலான பள்ளங்கள் ஓடும். பல பள்ளங்கள் பிரஷ்ஷின் ஒரு நாரைவிடவும் குறுகல். எவ்வளவு தேய்த்தாலும் நார் அடிவரை போகாது. ஆனால் டீயில் ஊறிய வர்க்கியின் மாவு அடிவரை போய்விடும். அங்கே இருக்கும் கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலம் விடும், அமிலம் எனாமலைக் கரைக்கும். புதிதாக முளைத்த பல்லின் எனாமல் முழுதாக இறுகியிருக்காது என்பதால் முதல் சில ஆண்டுகள்தான் மிக ஆபத்தானவை.

இந்தப் பள்ளங்களைச் சொத்தை வருவதற்கு முன்பே மூடிவிடும் மெல்லிய பூச்சுதான் சீலண்ட். ஊசி கிடையாது, துளையிடுவது கிடையாது, வலி கிடையாது. ஒரு பல்லுக்குச் சில நிமிடங்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தரும் கணக்குப்படி, இந்தப் பூச்சு கடைவாய்ப்பல் சொத்தையில் 80 சதவீதத்தை 2 ஆண்டுகள் வரை தடுக்கிறது. 4 ஆண்டுகள் வரை பார்த்தால் 50 சதவீதம். இவ்வளவு எளிய வேலைக்கு இது பெரிய பலன். ஆனால் பல் எப்போது வருகிறது என்று பார்த்திருந்து, சரியான நேரத்தில் போக வேண்டும். மலையில் இருக்கும் நமக்கு அந்த நேரம் பல்லை மட்டும் பொறுத்ததல்ல. மழை, பஸ், சளி எல்லாம் அதில் சேரும்.

முதலில் பல்லைக் கண்டுபிடியுங்கள்

குழந்தைக்கு ஐந்தரை வயது ஆனதும் மாதம் ஒரு முறை வாய்க்குள் பாருங்கள். பகலில், ஜன்னல் பக்கம் மடியில் படுக்க வைத்து, செல்போன் டார்ச்சை அடித்து, ஸ்பூனின் பின்பக்கத்தால் கன்னத்தை மெதுவாக ஒதுக்கிப் பாருங்கள். அம்மா பிடித்துக்கொள்ள அப்பா பார்ப்பது, அல்லது நேர்மாறாக, இன்னும் எளிது.

நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். முன்பல் இரண்டு, கோரைப்பல் ஒன்று, பால் கடைவாய்ப்பல் இரண்டு, ஆக ஐந்து. ஆறாவதாக ஒன்று தெரிந்தால் அதுதான் நாம் தேடும் நிரந்தரப் பல். முன்பல் விழுந்திருந்தால் அதன் காலி இடத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். பெரும்பாலும் கீழ்த்தாடையில் முதலில் தெரியும். பக்கத்துப் பால்பல்லைவிடப் பெரிதாக, சற்று மஞ்சள் கலந்த நிறத்தில் இருக்கும். அந்த நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நிரந்தரப் பல்லின் இயல்பே அதுதான்.

முதல் நாள் ஒரு வெள்ளை முனைதான் தெரியும். அன்றைக்கே ஓட வேண்டியதில்லை. முழுப் பல்லும் மேலே வரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பின்பக்கத்தில் ஈறு ஒரு மடிப்பாகப் பல்லை மூடிக்கொண்டிருக்கும். அந்த மடிப்பு விலகி, மெல்லும் பரப்பு முழுதும் தெரிகிற சமயம்தான் பூச்சுக்கு நல்ல சமயம். இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பல் மற்றப் பற்களின் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் பிரஷ் மேலாக ஓடிவிடும். கன்னத்தின் பக்கத்திலிருந்து பிரஷ்ஷைக் குறுக்காக நுழைத்து, அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் தேய்த்துவிடுங்கள்.

பார்க்கும்போது பள்ளத்தில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டோ பழுப்புக் கோடோ தெரிந்தால் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். குழி விழாத தொடக்க நிலைச் சொத்தையின் மேல்கூட சீலண்ட் போட்டு அதை அங்கேயே நிறுத்த முடியும். குழி விழுந்துவிட்டால், சாப்பாடு போய் மாட்டிக்கொண்டால், இரவில் வலித்தால் சீலண்ட்டின் கட்டம் தாண்டிவிட்டது. அப்புறம் ஃபில்லிங்கோ அதற்கு மேற்பட்ட வைத்தியமோதான்.

எங்கே கேட்பது

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் ராஷ்ட்ரீய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தின் மருத்துவக் குழு வருகிறது. திட்டப்படி அங்கன்வாடியில் ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளியில் ஒரு முறை பரிசோதனை. அவர்கள் பார்க்கும் குறைபாடுகளின் பட்டியலில் பல்லும் உண்டு. ஆனால் ஒரே நாளில் பள்ளிக்கூடம் முழுவதையும் பார்ப்பவர்கள், பின்பல்லின் பள்ளத்தை நிதானமாக ஆராய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பள்ளியில் சீட்டு எழுதிக் கொடுத்தால் அதைப் பத்திரமாக வைத்து, அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு எடுத்துப் போங்கள். சீட்டு தரவில்லை என்றால் பல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் செலவு இருக்காது. ஆனால் பல் மருத்துவர் எந்தக் கிழமை இருப்பார், சீலண்ட் பொருள் கையிருப்பில் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, "இன்னைக்கு டாக்டர் லீவு" என்று கேட்டுத் திரும்புவதைப் போல எரிச்சலான விஷயம் வேறில்லை. தனியார் கிளினிக் என்றால் போனிலேயே விசாரித்துவிடலாம். பேச்சு இப்படிப் போனால் போதும்:

"வணக்கம்ங்க, என் பையனுக்கு ஆறரை வயசு. பின்னாடி நிரந்தரப் பல் வந்திருக்கு. சீலண்ட் போடுவீங்களா?"

"போடுவோம்ங்கம்மா, கூட்டிட்டு வாங்க."

"ஒரு பல்லுக்கு எவ்வளவு ஆகும்? நாலு பல்லும் ஒரே நாள்ல முடியுமா? ஆறு மாசத்துல கழண்டா திரும்பப் போட தனியா காசு வாங்குவீங்களா?"

கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சில இடங்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் பெயர்ந்தால் இலவசமாகவே திரும்பப் போட்டுத் தருவார்கள். குழந்தைகளுக்கான தனிப் பல் மருத்துவர் வேண்டும் என்று சிலர் கோவைக்கு இறங்குகிறார்கள். ரொம்பவும் பயப்படும் குழந்தை, ஒரு நிமிடம்கூட வாய் திறக்க மாட்டேன் என்னும் குழந்தை என்றால் அது சரி. மற்றவர்களுக்கு அவசியமில்லை, இது சாதாரணப் பல் மருத்துவர் எவரும் செய்யக்கூடிய வேலைதான்.

நாள் பார்ப்பது

பஞ்சாங்கத்தைச் சொல்லவில்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கூடவே மண்சரிவு. மே மாதம் விடுமுறைதான், ஆனால் மலர்க் கண்காட்சி நேரத்தில் ஊட்டிச் சாலையில் பஸ் நகர்வதற்குள் குழந்தையின் பொறுமை தீர்ந்துவிடும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை ஒரு சாதாரண சனிக்கிழமை, அல்லது ஏப்ரலில் பரீட்சை முடிந்த கையோடு, என்பது என் கணக்கு. அதற்காகப் பல் ஜூனில் தயாராகிவிட்டால் அடுத்த ஜனவரி வரை காத்திருக்காதீர்கள். மழை விட்ட ஒரு நாளில் போய்விடுங்கள்.

சளியையும் பார்க்க வேண்டும். வேலை நடக்கும்போது வாயில் பஞ்சு இருக்கும், வாய் திறந்தே இருக்கும், மூக்கால்தான் மூச்சு விட வேண்டும். பனிக்காலத்தில் மூக்கடைத்த குழந்தையால் அது முடியாது. இருமும், திமிறும், எச்சில் பல்லில் ஏறும், பூச்சு ஒட்டாது. மூக்கடைப்பு இருந்தால் போன் செய்து ஒரு வாரம் தள்ளிப்போடுவதே நல்லது.

அப்புறம், வளைவுச் சாலை. பஸ்ஸில் வாந்தி எடுக்கும் குழந்தை என்றால் கிளம்பும் முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். இதற்கு மயக்க மருந்து எதுவும் இல்லாததால் பட்டினி போடவும் தேவையில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் வாயை நன்றாகக் கொப்பளிக்க வைத்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, பிறகு உள்ளே கூட்டிப் போங்கள். குமட்டலோடு நாற்காலியில் உட்கார்ந்தால் பஞ்சு நாக்கில் பட்டதுமே ஓங்கரிக்கும்.

வீட்டில் ஒத்திகை பார்ப்பதும் உதவும். முந்தைய நாள் விளையாட்டாக வாயைத் திறக்க வைத்து, நீங்கள் இருபதுவரை எண்ணி முடிக்கும்வரை மூடாமல் இருக்கச் சொல்லுங்கள். "ஊசி போட மாட்டாங்க" என்று நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அதுவரை ஊசியை நினைக்காத பிள்ளையும் அன்று இரவெல்லாம் ஊசியையே நினைத்துக்கொண்டிருக்கும். "பல்லுக்குப் பெயின்ட் அடிக்கப் போறாங்க, நீல வெளிச்சம் காட்டுவாங்க" என்றால் போதும், அது உண்மையும்கூட.

நாற்காலியில் என்ன நடக்கும்

முதலில் மருத்துவர் பல்லைச் சுத்தம் செய்து, பள்ளத்தில் சொத்தை இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வார். பல்லைச் சுற்றிப் பஞ்சுச் சுருள் வைப்பார், எச்சில் உறிஞ்சும் குழாயை வாயோரத்தில் மாட்டுவார். பிறகு ஒரு ஜெல் தடவுவார், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். அது 37 சதவீத அளவிலான பாஸ்பாரிக் அமிலம். கேட்டதும் திகைக்க வேண்டாம். 15 முதல் 30 நொடிதான் பல்லில் இருக்கும், அது எனாமலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பை உண்டாக்கும். அந்தச் சொரசொரப்பில்தான் பூச்சு பிடித்துக்கொள்கிறது. 1955-இல் மைக்கேல் பூனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்த வழியைக் கண்டார். பெயின்ட் நன்றாக ஒட்டுவதற்காக உலோகத்தைத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலத்தால் தயார் செய்வதைப் பார்த்து, பல்லிலும் அதே வேலையைச் செய்து பார்த்தார்.

ஜெல்லைத் தண்ணீரால் கழுவி, காற்றடித்து உலர்த்தியதும் பல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். அப்படி வெளுத்தால் சரியாக வந்திருக்கிறது என்று பொருள். இந்தக் கட்டத்திலிருந்து பூச்சு இறுகும்வரை ஒரு துளி எச்சில்கூட அங்கே படக்கூடாது. சீலண்ட் பெயர்ந்துபோவதற்கு மிகப் பொதுவான காரணம் இந்த இடத்தில் ஈரம் பட்டதுதான். பட்டுவிட்டால் நல்ல மருத்துவர் மறுபடி ஜெல் வைத்துத் தொடங்குவார். அதைப் பார்த்து "என்ன இவ்வளவு நேரம்" என்று அவசரப்படுத்த வேண்டாம். உங்கள் வேலை, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, நாக்கை அந்தப் பக்கம் கொண்டு போகாமல் பேச்சுக் கொடுப்பது.

பிறகு திரவமாக இருக்கும் பூச்சைப் பள்ளங்களில் ஓடவிட்டு, நீல ஒளி விளக்கைச் சில நொடிகள், பொருளைப் பொறுத்து 20 நொடி போல, காட்டினால் அது இறுகிவிடும். அந்த ஒளியைக் குழந்தையும் நீங்களும் நேராகப் பார்க்க வேண்டாம். கடைசியாக ஒரு வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, எங்காவது உயரமாக இடிக்கிறதா என்று பார்ப்பார்கள். இடித்தால் லேசாகத் தேய்த்துவிடுவார்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் நான்கு பல்லும் ஒரே நாளில் முடிந்துவிடாது. கீழே இரண்டு தயார், மேலே இரண்டு பாதிதான் வந்திருக்கிறது என்பது அடிக்கடி நடக்கும். அரைகுறையாக முளைத்த பல்லுக்கும், எச்சிலைக் கட்டுப்படுத்த முடியாத வாய்க்கும் கிளாஸ் அயனோமர் என்ற வேறு பொருள் இருக்கிறது. கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும், ஃப்ளோரைடையும் வெளிவிடும், ஆனால் மற்றதைவிடச் சீக்கிரம் தேய்ந்து பெயரும். மலையில் தூரத்து ஊர்களிலிருந்து வருபவர்கள் இதைப் பற்றிக் கேட்டு வைப்பது நல்லது. "இன்னும் பல் முழுசா வரல, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று மருத்துவர் சொன்னால், "அதுவரைக்கும் கிளாஸ் அயனோமர் போட்டு வைக்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்து மழையில் சாலை எப்படி இருக்கும் என்பது நமக்குத்தானே தெரியும்.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். சீலண்ட்டில் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதுண்டு. சில வகைகளில், போட்ட சிறிது நேரத்துக்கு, மிகச் சிறிய அளவில் எச்சிலில் வரலாம். உணவு, பிளாஸ்டிக் பாத்திரம் வழியாக நமக்குச் சேர்வதைவிட அது குறைவு. பூச்சு இறுகியதும் மேற்பரப்பைத் துடைத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பினால் அதுவும் குறையும். குழந்தைக்கு ஒவ்வாமையோ இழுப்போ இருந்தால் மட்டும் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒளியால் இறுகும் பூச்சு என்றால் உடனே சாப்பிடலாம். கிளாஸ் அயனோமர் என்றால் அன்றைக்கு முறுக்கு, கடலை மிட்டாய் வேண்டாம். ஓரிரு நாள் "ஏதோ இடிக்குது" என்று பிள்ளை சொல்லும், தானாகச் சரியாகிவிடும். ஒரு வாரம் ஆகியும் சொன்னால் திரும்பக் காட்டுங்கள்.

6 மாதத்துக்கு ஒரு முறை பூச்சு இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். ஓரம் பெயர்ந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் போட்டுவிடலாம். பெயர்ந்தது தெரியாமல் சில மாதம் போய்விட்டாலும் பதற வேண்டாம். சீலண்ட்டே போடாத பல்லைவிட அதற்குச் சொத்தை ஆபத்து அதிகமாகிவிடுவதில்லை. நன்றாக ஒட்டிய பூச்சு பல ஆண்டுகள் இருக்கும்.

சீலண்ட் காப்பது மெல்லும் பரப்பை மட்டும்தான். இரண்டு பல் உரசும் இடுக்கில் வரும் சொத்தையை அது தடுக்காது. அதனால் காலையும் இரவும் தேய்ப்பது தொடர வேண்டும். ஜனவரியில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப் போகும் ஊரில் பிள்ளைகள் தேய்க்காமல் டபாய்ப்பதைக் குறை சொல்லவும் முடியாது. டீக்கு வைக்கும் வெந்நீரில் ஒரு டம்ளர் எடுத்து விளாவிக் கொடுத்தால் பாதிச் சண்டை தீரும். பேஸ்ட் வாங்கும்போது டியூபின் பின்னால் ஃப்ளோரைடு அளவைப் பாருங்கள். ஏறக்குறைய 1000 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) இருக்க வேண்டும். பழ வாசனையோடு வரும் குழந்தைகள் பேஸ்ட்டுகள் சிலவற்றில் அது மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. 3 வயதுக்குள் அரிசி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு. தேய்த்ததும் துப்பச் சொல்லுங்கள். நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல் கறை படிகிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு இங்கே ஃப்ளோரைடு பேஸ்ட்டே வேண்டாம் என்பவர்கள் உண்டு. ஓடை, அணை நீரில் பொதுவாக அது குறைவு, நமக்குப் பேஸ்ட் வழியாக வருவதுதான் பாதுகாப்பு.

டீயை நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தேயிலை விளையும் ஊரில், பாட்டி கையில் வளரும் பிள்ளைக்கு, நாலு மணிக்குச் சர்க்கரை டீயும் வர்க்கியும் கிடைக்காமல் போகாது. ஆனால் அதை நாலு மணியோடு முடித்துவிடுங்கள். ஆறு மணிவரை கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் ஒவ்வொரு வாய்க்கும் பல்லில் அமிலம் புதிதாகக் கிளம்பும். ஒரே தடவையில் குடித்து, பின்னால் ஒரு டம்ளர் வெறும் தண்ணீர் குடித்தால் எச்சில் பல்லைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். பாட்டியிடம் இதைச் சொல்லும்போது டாக்டர் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அடுத்த நான்கு

12 வயதை ஒட்டி, நடுவிலிருந்து எண்ணினால் ஏழாவதாக, இன்னும் நான்கு கடைவாய்ப்பற்கள் வரும். அவற்றுக்கும் இதே வேலை. அந்த வயதில் பிள்ளைகள் வாயைக் காட்ட மாட்டார்கள், அதனால் 11 வயதிலிருந்து 6 மாதச் சோதனையைத் தவறவிடாமல் இருந்தால் மருத்துவரே பார்த்துக்கொள்வார். இரண்டுக்கும் நடுவே, 10, 11 வயதில் வரும் முன்கடைவாய்ப்பற்களில் பள்ளம் ஆழமாக இருந்தால் மட்டும் போடச் சொல்வார்கள். எல்லோருக்கும் தேவைப்படாது.

அக்காவுக்கு 12, தம்பிக்கு 6 என்று அமைந்தால் இருவரையும் ஒரே நாளில் கூட்டிப் போங்கள். பஸ் செலவும் லீவும் ஒன்றோடு முடியும். அக்காவை முதலில் நாற்காலியில் உட்கார வையுங்கள். அவள் அழாமல் எழுந்து வருவதைப் பார்த்துவிட்டால், தம்பிக்கு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.